வெடித்த விண்மீன்களின் எக்ஸ்-கதிர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான காசியோப்பியா ஏ-யின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் தெரிகிறதே, அவை உண்மையான நிறங்களா?

நிறங்கள் நாம் கொடுத்தவை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் உள்ள அளவீடு உண்மை. விண்வெளியில் சுற்றும் நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் கேமரா, வந்து விழும் ஒவ்வொரு ஃபோட்டானையும் (ஒளித்துகளையும்) தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது: எங்கே விழுந்தது, எப்போது, எவ்வளவு ஆற்றலோடு. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஆற்றல் உண்டு: சிலிக்கான் சுமார் 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (இது ஆற்றலின் அலகு) ஒளிரும், கந்தகம் 2.45-இல், இரும்பு 6.4-க்கும் 6.7-க்கும் இடையில். அப்படிப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தருகிறார்கள். எந்த நிறம் எந்தத் தனிமத்துக்கு என்பது படத்துக்குப் படம் மாறும். தயவுசெய்து படக்குறிப்பைப் படிக்காமல் படத்தைப் பகிராதீர்கள். பாதிச் செய்தி அதில்தான் இருக்கிறது.

கேள்வி: வெடித்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது ஏன் இன்னும் ஆறவில்லை?

நாம் பார்ப்பது வெடிப்பின் பழைய சூடு அல்ல. சிதறிய பொருள் விரிந்து சீக்கிரமே குளிர்ந்துவிட்டது. அப்புறம் அது நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றியுள்ள வாயுவில் மோத, ஓர் அதிர்வலை வெளியே ஓடுகிறது. இன்னொன்று உள்பக்கம் திரும்பி, விண்மீனின் சிதறலையே தாக்கிக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றுகிறது. வாயு மிக மெலிந்தது என்பதால் அந்த வெப்பம் லேசில் வெளியேறாது.

எச்சத்தின் விளிம்பில் மெல்லிய இழையாகத் தெரிவதோ வேறு வகை ஒளி. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் தருவது. 1006-ஆம் ஆண்டு வெடித்த விண்மீனின் எச்சத்தில் இதை ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் 1995-இல் காட்டியது. விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் எங்கே வேகம் பெறுகின்றன என்ற பழைய கேள்விக்கு அது பெரிய துப்பு.

கேள்வி: மலை உச்சியில் தொலைநோக்கி வைத்தால் போதாதா?

போதாது. வளிமண்டலம் எக்ஸ்-கதிர்களை உறிஞ்சிவிடும். மேலே போயே ஆக வேண்டும்.

கேள்வி: விண்மீன் எப்படி வெடித்தது என்பதை எச்சத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். காசியோப்பியா ஏ-யில் இரும்பு ஆழத்தில் உருவானது. ஆனால் சில இடங்களில் அது சிலிக்கானைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறது. சரி, உள்பக்கம் திரும்பிய அதிர்வலை இன்னும் தொடாததால் சூடாகாத பொருள் எங்கே? அதைக் காண வெடிப்பில் உருவான கதிரியக்கப் பொருளான டைட்டானியம்-44 உதவியது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 60 ஆண்டுகள். கதிரியக்கத்தால் தானே ஒளி விடுவதால், அதிர்வலை தொடாத இடத்திலும் தெரியும். 2012-இல் ஏவப்பட்ட நூஸ்டார் என்ற நாசாவின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அதை வரைபடமாக்கியபோது, உருண்டையாகப் பரவாமல் திட்டுத்திட்டாகக் கிடந்தது. வெடிக்கும் முன் விண்மீனின் உட்பகுதி உலைக்கஞ்சி போலக் கொதித்துத் தளும்பியிருக்க வேண்டும் என்ற கணினி மாதிரிகளுக்கு இது வலுச் சேர்த்தது.

கேள்வி: இதில் இந்தியாவின் பங்கு உண்டா?

உண்டு. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டின் எக்ஸ்பெக்ட் கருவி முதலில் பார்த்ததே காசியோப்பியா ஏ-யைத்தான். மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம், இரும்பு முதலியவற்றின் கோடுகள் அதன் நிறமாலையில் பதிவாயின. சந்திரா தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இயற்பியல் மாணவி. இந்தத் தரவு எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், இலவசமாக. சந்திராவின் பழைய பதிவுகள் அதன் காப்பகத்தில் பொதுவில் உள்ளன. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் காசியோப்பியா ஏ-யைத் திறந்து, முதலில் சிலிக்கான் ஆற்றலை மட்டும் பிரித்துப் பாருங்கள், பிறகு இரும்பு. இரண்டு படங்களும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்துவைத்து, அங்கிருந்து அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.