டீச்சரைக் கேளுங்கள்: ரிட்டயர் ஆன கண்டக்டருக்கு இனி என்ன வேலை?

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63. மகன் பெங்களூரில், மகள் கோவையில். காலையில் பேப்பர், அப்புறம் டிவி, மத்தியானம் தூக்கம். ஒரு குறையும் இல்லை, ஆனால் யாருக்கும் நான் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது. மனசுக்குத் தெம்பு தருகிற புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், திருநகர்

பதில்: தாராளமாகப் படியுங்கள் தம்பி. நம்ம மதுரை நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் உங்கள் மனசு கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. அத்தனை வருஷமும் நீங்கள் விசில் கொடுக்காமல் வண்டி நகர்ந்ததில்லை. இன்றைக்கு நீங்கள் வீட்டை விட்டு வெளியே வராவிட்டால், "ஏண்ணே வரலை?" என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. அந்த ஆளைத்தான் நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும்.

செல்லூரில் என் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். அதில் நாலாம் வகுப்புக்காரி ஒருத்தி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "டீச்சர், கடன் வாங்குறது மறந்துபோச்சு" என்று சத்தம் போடுவாள். 402-ல் 178-ஐக் கழிக்கச் சொன்னால், நடுவில் சைபரைப் பார்த்ததும் பென்சில் நின்றுவிடும். ஒன்றுமில்லாதவனிடம் எப்படிக் கடன் வாங்குவது? நியாயமான சந்தேகம்தானே! தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு நூறாகக் கட்டிக் கொடுத்தேன். நூறைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கினாள், அதில் ஒரு கட்டைப் பிரித்துக் குச்சிகளைப் பரப்பினாள். 224 என்று எழுதிவிட்டு, கூடவே அடுத்த கணக்கையும் கேட்டாள். எனக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் அஞ்சு மணியானால் திண்ணையைக் கூட்டிவிடுகிறேன். அவள் வருவாளே.

அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். சரி, அந்த நினைப்பு "வா" என்றால் வந்துவிடுமா? கையில் ஒரு வேலை இருந்தால்தான் வரும் என்பது என் அனுபவம்.

வேலைக்கு எங்கே போவது என்றால், தெரிந்ததிலிருந்தே தொடங்குங்கள். நம்ம ஊர் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் இளம் வயதிலேயே விரல்கள் கோணிப்போனவர். ஓய்வுக்குப் பிறகு புதுத் தொழில் எதையும் அவர் தேடிப் போகவில்லை. கைக்குப் பழகிய கண் அறுவை சிகிச்சையையே தொடர்ந்தார்.

உங்களுக்குப் பழகியது ரூட். பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று முழிக்கிற கிராமத்துச் சனம் எத்தனை! போடிக்குப் போக ஆரப்பாளையமா மாட்டுத்தாவணியா என்று தெரியாமல், நோயாளியையும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் முறையாகக் கேட்டுக்கொண்டு, வாரத்தில் ரெண்டு நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளும் நேரமும் குறிப்பது முக்கியம். "முடிந்தபோது போகலாம்" என்றால் நாலாவது வாரம் நின்றுபோகும்.

உடம்பையும் கவனியுங்கள். 65 தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பரங்குன்றம் கிரிவலப் பாதை இருக்கிறது. தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். சுவரோரமாக ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது.

கேள்வி: கபடி, நாடகம் என்று ஓடித் திரிந்த அப்பாவுக்கு இப்போது 70. ரெண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, பேச்சே குறைந்துவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள் கண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, காது மந்தம் இவையும் மனுஷரை இப்படி முடக்கிப் போடும். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. மனசு என்று சொன்னால் அப்பா டாக்டரிடம் வர மறுக்கலாம். தூக்கம் வராததைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வருவார். போகும்போது அவர் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளாலும் இப்படி ஆவதுண்டு.