நியாயம் என் பக்கம் இருந்தாலும்: உபதேசியார் பதில்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நியாயம் என் பக்கம் இருக்கிறது, அப்போதும் நான்தான் இறங்கிப் போக வேண்டுமா? சபை உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

கேள்வி (அருமனை): ஐயா, பெரியப்பா மகன் எல்லைக்கல்லை நகர்த்தி, என் ரப்பரில் ஒரு வரிசையைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். சர்வேயர் அளந்து, அது என்னுடையது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த மரங்களில் பால் வடிக்க அவருடைய சிரட்டைதான் தொங்குகிறது. கேஸ் போட்டால் ஜெயிப்பேன். கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, ஆதியாகமம் 26-ஐ எடுத்துப் படியுங்கள். ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய துரவில், அதாவது கிணற்றில், தண்ணீர் வந்தது. கேராரூர் மேய்ப்பர் வந்து, அது தங்களுடையது என்று வாக்குவாதம் பண்ணினார்கள். ஈசாக்கு விட்டுவிட்டு இன்னொன்று தோண்டினான். அதற்கும் சண்டை. மூன்றாவதைத் தோண்டியபோது யாரும் வரவில்லை, அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான். வறண்ட நாட்டில் துரவு என்றால் ஆடுமாடுகளின் உயிர். அவன் விட்டது சின்ன விஷயமில்லை. கொரிந்து சபையில் சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் நியாயஸ்தலத்துக்குப் போனபோது பவுலும் இதையே கேட்டார்: "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?"

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈசாக்கு விட்டுக்கொடுத்தது தன்னுடையதை. அந்த நிலம் உங்கள் ஒருவர் பேரில்தான் இருக்கிறதா? உங்கள் அக்காவுக்கோ, தம்பி பிள்ளைகளுக்கோ அதில் பங்கு இருந்தால், அவர்கள் பங்கைத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. என் பங்கை நான் விடலாம், அடுத்தவர் பங்கை நான் விட முடியாது. இன்று நான் சொல்லப் போவது எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

உங்களுடையது மட்டும்தான் என்றால், முதலில் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். சர்வே காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "அளந்தாச்சு, உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நமக்குள்ளே எப்படி முடிக்கலாம்?" என்று கேளுங்கள். பட்டாவைச் சரியாக வைத்துக்கொள்வது பாவமில்லை. நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதைத்தான் விட வேண்டும். அப்படிப் போயும் அவர் மசியவில்லை என்றால், அந்த ஒரு வரிசைப் பாலா, அண்ணனா என்று ஜெபத்தோடு நீங்களே முடிவெடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் உங்களைக் குறைத்துப் பேச மாட்டேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): மனைவி சொல்வது தப்பு என்று தெரிந்தும் தலையாட்டினால் அது பொய் ஆகாதா அண்ணன்?

பதில்: தப்பைச் சரி என்று சொல்ல வேண்டாம், அது பொய்தான். விருந்தாளிகள் முன்னால் அவர் கல்யாண வருஷத்தை மாற்றிச் சொன்னால் திருத்தாமல் இருக்கலாமே. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பணமோ, மருந்தோ, பிள்ளையின் படிப்போ என்றால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் தனியாக. மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்தபோது, நியாயப்பிரமாணம் தன் பக்கம் இருப்பதாகவே யோசேப்பு நினைத்திருக்க முடியும். ஆனாலும் "அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்" இருந்தான். அதே வசனம்தான் அவனை நீதிமான் என்றும் சொல்கிறது.

கேள்வி (குலசேகரம்): தம்பி பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் கம்மலைக் காட்டி, 1 பேதுரு 3-ஐச் சொல்லிக் கழற்றச் சொல்கிறான். அம்மா மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறார். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: நகை போடாமல் இருப்பது அவனுடைய விசுவாசம் என்றால் அதை மதியுங்கள். நல்ல மனதோடு அப்படி வாழ்கிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. ஆனால் ரோமர் 14-ஐ அவன் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது. ஒருவன் எல்லாம் சாப்பிடுகிறான், ஒருவன் மரக்கறி மட்டும். ஒருவன் நாட்களை விசேஷித்து எண்ணுகிறான், ஒருவன் எண்ணவில்லை. மாமிசம் சாப்பிடலாமா என்பதில் பவுலுக்குத் தெளிவான முடிவு இருந்தது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கலாம். அவர் எழுதியதோ, "போஜனத்தினாலே உன் சகோதரனுக்கு விசனம் உண்டாக்கினால், நீ அன்பாய் நடக்கிறவனல்ல" என்று.

இன்னொன்று. அவன் சொல்லும் 1 பேதுரு 3-ல் அடுத்த வசனமே "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி"தான் அழியாத அலங்கரிப்பு என்கிறது. இதைக் கேட்டதும் நாளைக்கே அவன் வாயை அடைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அந்த வசனத்தை ஆயுதமாக எடுத்தால் நீங்களும் அவன் செய்ததையே செய்கிறீர்கள். அவனை வெளியே கூப்பிட்டு, "அம்மா இன்றைக்கும் சாப்பிடவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை அல்லவா, யோசிப்பான். கம்மலைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது அம்மா.

கேள்வி (கொல்லங்கோடு): பக்கத்து வீட்டுப் பையன் பைக் விபத்தில் போய்விட்டான். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் எல்லாரும் "கர்த்தருடைய சித்தம்" என்கிறார்கள். அந்த அம்மா கேட்டுக் கேட்டுக் கல்லாகிவிட்டார். சொல்வது சத்தியம்தானே, பிறகு ஏன் காயப்படுத்துகிறது?

பதில்: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். அவர்கள் பேசியது முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பவுலே 1 கொரிந்தியர் 3-ல் வேதவாக்காக எடுத்து எழுதுகிறார். அப்படிப்பட்ட எலிப்பாசிடம்தான் கடைசியில் தேவன், உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது என்றார். நல்ல வசனமும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால், அவர் கேட்காத நேரத்தில் சொன்னால் கொடுமையாகிவிடும்.

நீங்கள் போய் உட்காருங்கள். கட்டன் சாயா போட்டுக் கொடுங்கள். பையனின் பேரைச் சொல்லுங்கள். பேரைச் சொன்னால் அழுவாரே என்று பயப்படாதீர்கள், அழட்டும். பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் எல்லாரும் போன அடுத்த வாரம்தான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது மறுபடி போங்கள்.

கேள்வி (ஊர் சொல்லவில்லை): கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபைப் பெரியவர்களிடம் சொன்னால், "அன்பு சகலத்தையும் தாங்கும், பொறுத்துப்போ" என்கிறார்கள். நான் இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும் ஐயா?

பதில்: இதைப் பொறுக்க வேண்டாம், அம்மா. அந்த வசனம் அடிக்கிறவனைக் காப்பாற்ற எழுதப்பட்டதல்ல. அதே அதிகாரம் அன்பு "அயோக்கியமானதைச் செய்யாது" என்கிறது. அதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. கூப்பிடுங்கள்.

சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் முகமுகமாக எதிர்த்தார். ஒதுக்கப்பட்டது பவுல் அல்ல, வேறு மனிதர்கள். அடுத்தவர் பங்கை விட முடியாது என்பதால் அவர் தயவு பார்க்கவில்லை. நம் பாட்டிமார் மேலாடை அணியும் உரிமைக்காக அடி வாங்கிய மண் இது. 1859-ல் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அவர்கள் விடவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு அதிலும் இருந்தது. அன்றைக்கு யாராவது அவர்களிடம் "பொறுத்துப்போ" என்று சொல்லியிருந்தால் அதை அன்பு என்று சொல்வோமா?

கேள்வி (பாறசாலை): மருமகள் மலையாளம் படித்தவள். குடும்ப ஜெபத்தில் தமிழில் ஜெபிக்கும்போது வார்த்தைகளைத் தப்பாகச் சொல்கிறாள். நான் திருத்துவேன். இப்போது கொஞ்ச நாளாக ஜெபிக்கவே மாட்டேன் என்கிறாள். திருத்தியது தப்பா?

பதில்: அக்கா, நீங்கள் சொன்ன திருத்தம் சரிதான், சொன்ன நேரம்தான் தப்பு. அவர் பேசிக்கொண்டிருந்தது உங்களிடம் இல்லையே. மலையாளத்திலேயே ஜெபிக்கச் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாநிலமாக இருந்த ஊர்கள்தானே நம்முடையவை. உங்கள் காதுக்கு அந்த மொழி புதிதா என்ன? நாளை இரவு வேதவாசிப்பை அவரிடம் கொடுங்கள். அவருடைய மலையாள வேதபுத்தகத்திலிருந்து வாசிக்கட்டும். அவர் வாசித்து முடித்த பிறகு, அதே பகுதியைப் பேரப்பிள்ளை தமிழில் வாசிக்கலாம்.