மூன்று நிமிட முன்னோட்டத்துக்கு எத்தனை இடங்கள் வேண்டும்?

கேள்வி: கோவையில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன், சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். ஒரு கற்பனைத் தொலைக்காட்சித் தொடருக்கு மூன்று நிமிட முன்னோட்டம் எடுத்துத் தர வேண்டும் என்பது இந்தப் பருவத்தின் செய்முறைப் பணி. தேயிலைத் தோட்டத்தைப் பங்கு பிரிப்பதில் பகையாகிப்போன அண்ணன் தம்பி குடும்பங்களைப் பற்றிய கதை எங்களுடையது. தொட்டபெட்டா, பைக்காரா, தாவரவியல் பூங்கா, மலை ரயில், பைன் காடு எல்லாம் இடம்பெற வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். ஆறு பேர், ஒரு கேமரா, இரண்டு நாள். எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். எந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது?
– கோத்தகிரி வாசகி

பதில்: உங்கள் நண்பர்கள் தந்திருப்பது, வார விடுமுறைக்கு உதகை வரும் சுற்றுலாப் பயணியின் பட்டியல். உங்கள் கதையில் வரும் அண்ணனும் தம்பியும் தொட்டபெட்டாவுக்கு எதற்காகப் போகப் போகிறார்கள்? தினமும் ஒரே வாசலில் எதிரெதிரே நின்றும் முகம் பாராமல் போகிறார்கள் என்பதுதானே கதை. தொலைக்காட்சித் தொடர் என்பது வீட்டுக்குள் நடப்பது. இன்று பார்த்த அதே கூடம், அதே சமையலறை, அதே படிக்கட்டு நாளையும் வரும் என்ற பழக்கத்தின் மேல்தான் அது நிற்கிறது. அந்தப் பழக்கத்தை மூன்று நிமிடத்துக்குள் உண்டாக்க வேண்டிய முன்னோட்டத்தில் ஏழெட்டு இடங்களைக் காட்டினால், பார்ப்பவருக்கு எந்த வீடும் மனத்தில் தங்காது. தவிர, ‘ஷூட்டிங் மேடு’ என்றே பெயர் பெற்றுவிட்ட புல்வெளியும் பைக்காராவும் பல ஆண்டுகளாகப் பாடல் காட்சிகளில் வந்து பழகியவை; அங்கே இரண்டு பேரை நிறுத்தினாலே, சண்டைக்கு முன் ஒரு பாட்டு வரும் என்று பார்ப்பவர் காத்திருப்பார்.

எனவே என் தேர்வு மூன்றே இடங்கள்: ஒரு வீடு, ஒரு தேயிலைச் சரிவு, பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை.

முதலில் வீட்டைப் பாருங்கள், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும். நீலகிரியின் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக வீடுகள் இருப்பதும், முன்னால் பொதுவான முற்றம் ஓடுவதும் நீங்கள் அறியாததல்ல. பிரிந்துபோன இரண்டு குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு எது? ஒரு கதவு திறக்கும்போது பக்கத்துக் கதவு மூடப்படுவதை ஒரே சட்டகத்தில் காட்டிவிட்டால், வசனம் எழுத வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். ஆனால் மலை வீடுகளின் அறைகள் குளிருக்காகச் சிறியவையாகக் கட்டப்பட்டவை. கேமராவைப் பின்னால் தள்ளி வைக்க அடுத்த அறையின் வாசலோ சன்னலோ இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த அறைக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வெயில் உள்ளே விழுகிறது, எதிர்ச்சரிவு எப்போது சூரியனை மறைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் உள்ள ஊர்களில் பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே வெயில் போய்விடும். குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடித்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களே பொதுவாக ஒத்துவரும்.

அடுத்தது ஒலி. இடம் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போவது மாணவர் குழுக்களின் பொது வழக்கம். தகரக் கூரையின் மேல் சிறு தூறல் விழுந்தாலும் உள்ளே பேசும் வசனம் எதுவும் தேறாது. அருவியின் அருகே பேச்சு எடுபடாது. தொட்டபெட்டா போன்ற 2,637 மீட்டர் உயரத்துச் சிகரத்தில் காற்று மைக்கை அறைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, வளைவில் ஹாரன் அடிக்கும் பேருந்து, கோயில் ஒலிபெருக்கி என எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். வெற்றுத் தரையில் கம்பளிகளை விரித்தால் எதிரொலி கணிசமாகக் குறையும், கம்பளிக்கு உங்கள் ஊரில் பஞ்சமும் இல்லை.

தேயிலைச் சரிவு யாருடையது என்று தெரியாமல் உள்ளே இறங்காதீர்கள். உறவினர் ஒருவரின் சிறு தோட்டமே நல்லது. அவரிடம் மருந்து அடித்த நாள் எது என்று கேளுங்கள். காலையில் இருள் பிரியுமுன்னும் மாலையில் இருட்டத் தொடங்கிய பின்னும் அங்கே நிற்க வேண்டாம், காட்டெருமைகள் நடமாடும் நேரம் அது. கொழுந்து பறிக்கும் பெண்களைப் பின்னணியில் நிறுத்தும் எண்ணம் இருந்தால், எடைக்குக் கூலி பெறுபவர்களுக்கு அரை மணி நேரம் என்பது பணம் என்பதை மறவாமல், அவர்களின் சம்மதத்தோடு அந்த நேரத்துக்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள். எடைக் கொட்டகையில் நீங்கள் எதையும் ஏற்பாடு செய்யத் தேவையில்லை. மூட்டைகள் வந்து சேரும் வேளையில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் நிற்கட்டும், போதும்.

மூடுபனியை எதிரியாக நினைக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம். பெரும்பாலும் காலையில் தெளிவாக இருக்கும் சரிவு பிற்பகலில் காணாமல் போகும். பனியில் ஒரு காட்சி எடுப்பதென்றால் அகலக் காட்சியை முதலில் எடுத்துவிடுங்கள். பனி விலகிய பிறகும் நெருக்கக் காட்சிகளை ஒரு மரத்தடியில் எடுத்து ஒட்டவைக்கலாம், ஆனால் அகலக் காட்சியைத் திரும்ப உண்டாக்க முடியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாக வரும் என்பதால் அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். எந்த மாதமானாலும் மழை வந்தால் வீட்டுக்குள் போய் எடுக்க இரண்டு காட்சிகளைக் கையிருப்பாக வைத்திருங்கள்.

மலை ரயில் வேண்டுமென்று அடம்பிடிக்கும் நண்பருக்கு ஒரு தகவல்: நீராவி எஞ்சின் வழக்கமாக மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில்தான் ஓடுகிறது, குன்னூருக்கு மேலே டீசல். புகைக்காக உதகை வரை போனால் புகை இராது. நாளுக்குச் சில முறை மட்டும் வரும் வண்டியை ஒரு தடவை தவறவிட்டால் உங்கள் இரண்டு நாளில் ஒரு நாள் போயிற்று.

அனுமதி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தாவரவியல் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறை, ரயில் நிலையத்துக்கு ரயில்வே, காட்டுக்கு வனத்துறை என்று ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியே எழுத்து மூலம் கேட்க வேண்டும். உங்கள் பட்டியலைச் சுருக்கச் சொல்ல இது ஒன்றே போதுமான காரணம். வெலிங்டனில் ராணுவமும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதால் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம், டிரோன் யோசனையையும் கைவிடுங்கள். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளை வெறும் பின்னணி அழகுக்காகப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹட்டியில் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா நாட்களை விட்டுவிடுங்கள். கோவையிலிருந்து வாடகை வேனில் வந்தால், நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டியிருக்கும். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை, ஆறு பேருக்கும் ஒரு கேமராவுக்கும் பேருந்து தாராளம்.

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, காட்சி எடுக்கப்போகும் அதே மணியில் மூன்று இடங்களுக்கும் போய், கைப்பேசியில் படத்தோடு ஒரு நிமிட ஒலியையும் பதிந்து வாருங்கள். அதை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிய பிறகும் பைக்காராதான் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவரையே அனுமதிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.