சிரித்தால் அழுகிறாள்!

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. அவள் வாயைத் திறந்தாலே வீடு சிரிக்கிறது. ஒருநாள், "அப்பாவுக்கு வேலை தலைக்கு மேல இருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்றேன். நாற்காலியில் ஏறி அவர் தலைக்கு மேலே துழாவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே, அம்மா பொய் சொல்றாங்க" என்றாள். என் கணவர் இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லாம் "அதைத் திரும்பச் சொல்லு" என்கிறார்கள். போன வாரம் அவளுடைய அத்தை அப்படிக் கேட்டதும் அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இப்போது யார் சிரித்தாலும், "என்னைப் பார்த்துச் சிரிக்காதீங்க" என்கிறாள். என் மாமியாரோ, "இந்த வயசுல இவ்வளவு வாய் ஆகாது, நீங்க சிரிச்சுச் சிரிச்சுத்தான் ஏத்தி விட்டீங்க" என்கிறார். நாங்கள் இனி சிரிக்கவே கூடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சிரிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நாற்காலியில் ஏறிய இடத்தில் நானே சிரித்துவிட்டேன். ஆனால் அவள் அதை ஜோக்காகச் சொல்லவில்லையே! தலைக்கு மேலே வேலை இருப்பதாக நீங்கள் தகவல் சொன்னீர்கள். அவள் போய்ச் சோதித்தாள். இல்லை. ஆகவே அம்மா சொன்னது பொய். இதில் எந்தப் படியில் தவறு? வழக்குச் சொல் அவளுக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். தமிழில் இப்படிக் காலை வாரும் சொற்கள் கொஞ்சமா? "என் தலையைத் தின்னாதே" என்று நான் ஒருமுறை கத்தியபோது, என் மகன் நிரபராதி என்று நிரூபிக்க வாயை அகலத் திறந்து காட்டினான். "கொஞ்சம் காது கொடுத்துக் கேளு" என்றால், "கழட்ட வரலையேம்மா" என்பான்.

இன்னொரு கதையும் உண்டு. அதில் எனக்குப் பெருமை இல்லை. 'நாம' எங்கே, 'நாங்க' எங்கே என்பது அவனுக்குப் பிடிபடாத சமயம். "அம்மா, நாங்க எப்போ வெளியே போறோம்?" என்று ஆசையாகக் கேட்டான். "அப்போ நான் வரலையா? சரி, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றேன், கிண்டலாக. அரைமணி நேரம் அழுதான். சொல்லை மாற்றிப் போட்டதற்கு, அம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற தண்டனையா என்று நினைத்திருப்பான். கிண்டலும் அந்த வயதுக்கு எட்டாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். "நாம நாளைக்குப் போகலாம்" என்று சரியான சொல்லைப் பதிலில் வைத்துப் பேசியிருந்தால் போதும், அதுவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை நாள் சிரிப்பை ரசித்தவள் இப்போது ஏன் அழுகிறாள் என்று நீங்கள் குழம்பலாம். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் சிறுவர்களிடம் ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வருகிறவன் எங்கே தேடுவான்? இந்த மாதிரிக் கேள்விக்கு மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது நாலு, ஐந்து வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. போனில் பேசும்போது சின்னப் பிள்ளைகள் "ஆமாம்" என்று சொல்லாமல் வெறுமனே தலையாட்டுவதும் இதனால்தான்.

உங்கள் மகள் அந்த வாசலில்தான் நிற்கிறாள். அடுத்தவர் மனதுக்குள் வேறு ஏதோ ஓடுகிறது, அது தன்னைப் பற்றியும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. என்ன ஓடுகிறது என்றுதான் தெரியவில்லை. பத்துப் பேர் சிரிக்கிறார்கள், காரணம் தெரியாத ஒரே ஆள் அவள். நமக்கே அப்படி நடந்தால் கட்டிலுக்கு அடியில் போகத்தான் தோன்றும்; உடம்பு கொள்ளாது என்பதால் போவதில்லை.

ஆகவே முதலில் அவள் முகத்தைப் பாருங்கள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்தால் அது ஜோக். தாராளமாகச் சிரியுங்கள், சிரிக்காவிட்டால்தான் கோபம் வரும். முகம் சீரியஸாக இருந்தால் அது விசாரணை. பதிலை முதலில் கொடுங்கள், சிரிப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும். "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் சிரிக்காமல் அதையே குறித்துக்கொண்டார். 1920-களில் அவர் பேசிப் பார்த்த பிள்ளைகளும் நிலா தங்கள் பின்னாலேயே வருவதாகத்தான் சொன்னார்கள். நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். நாம் ஒரு தெரு தாண்டினால் அது இருக்கும் திசை துளிகூட மாறாது, பக்கத்து மரம் மட்டும் பின்னால் போய்விடும். "ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கு, அதான் கூட வர்ற மாதிரி தெரியுது" என்றால் நாலரை வயதுக்குப் போதும்.

சிரிப்பு தானாக வெடித்துவிட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னது தப்பில்லடா, எனக்கு அது தோணவே இல்ல, அதான் சிரிச்சேன்." அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்ததற்கும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிடலாம். நீளமாக வேண்டாம், ஒரு வரி போதும். "திரும்பச் சொல்லு" என்பதை மட்டும் வீட்டில் அடியோடு நிறுத்துங்கள். இரண்டாம் முறை சொல்வது நடிப்பு. சில பிள்ளைகள் அதற்குப் பழகிக் கைதட்டலுக்காகவே பேசத் தொடங்கும், உங்கள் மகளைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எதற்கெடுத்தாலும் சிரித்தால் எது வேடிக்கை, எது மரியாதைக் குறைவு என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். ஆனால் தலைக்கு மேலே தேடியது வாய்த்துடுக்கு அல்ல. "பாட்டி பேசாதே, போ" என்றால்தான் துடுக்கு, அதற்கு யாரும் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, அவள் வயது, அதற்கு முன் நீங்கள் சொன்னது, அவள் சொன்னது அவள் சொன்னபடியே. இலக்கணம் திருத்த வேண்டாம். மறுநாளே எழுதினால்கூட நம் சொற்கள் உள்ளே புகுந்துவிடும். நான் எழுதாமல் விட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

குழுவில் போடுவதை என்ன செய்வது என்றால், உங்கள் கணவர் அவளிடமே கேட்கட்டும்: "இதை அத்தைகிட்ட சொல்லட்டுமா?" நாலரை வயதுக்குப் பதில் சொல்லத் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும்.