15 மேட்ச், 15 ஜெயம்: வாசகர் கேள்வி-பதில்

சார், என் பையன் அமெரிக்கால லூசியானா மாநிலத்துல, பேட்டன் ரூஜ்ல எம்.எஸ். படிக்கிறான். அங்க கடைக்குப் போனாலும் கேன்டீனுக்குப் போனாலும் "2019 டீம் மாதிரி வருமா"ன்னுதான் பேச்சாம். அப்படி என்ன சார் நடந்துச்சு அந்த வருஷம்?
— வாசகர், தென்காசி

உங்க பையன் இருக்குற ஊர்ல இந்தப் பேச்சு இப்போதைக்கு ஓயாதுங்க. லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சுருக்கமா எல்எஸ்யூ, அவங்களோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் அந்த சீசன்ல ஆடின 15 மேட்சையும் ஜெயிச்சாங்க, அதுல 7 டீம் ஆடுற நேரத்துல நாட்டோட டாப் 10ல இருந்த டீம்கள். கடைசி மேட்ச் 2020 ஜனவரி 13ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ்ல, அவங்க சொந்த மாநிலத்துலயே நடந்துச்சு, எதிர்ல முந்தின வருஷ சாம்பியன் க்ளெம்சன், ஆரம்பத்துல 17-7ன்னு பின்னாடி போயிட்டு அப்புறம் 42-25ன்னு முடிச்சாங்க. இது நாம காலால ஆடுற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டுக்கிட்டு பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறது, தூரமா எறிஞ்சு பிடிக்கிறது. காலேஜ் டீம்தானேன்னு நினைச்சுடாதீங்க, இவங்களோட டைகர் ஸ்டேடியத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்க உக்காரலாம். சனிக்கிழமை ராத்திரி மேட்ச்னா ஊரே அங்கதான் இருக்கும், பையனை ஒரு தடவையாவது போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க.

முந்தின வருஷம் இதே டீம் அலபாமா யுனிவர்சிட்டிகிட்ட 29-0ன்னு தோத்ததா படிச்சேன். ஒரே வருஷத்துல எப்படி சார் இப்படி மாற முடியும்? நல்ல பிளேயர்ஸைப் புதுசா கூட்டிட்டு வந்தாங்களா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுதணும்னு ஆசையா இருக்கும்மா. ஆளுங்க பெரும்பாலும் அதே ஆளுங்கதான், மாறினது ஆட்டம். எல்எஸ்யூ ரொம்ப வருஷமா பந்தைக் கையில குடுத்து முட்டி மோதி ஓடவிட்டு, டிஃபென்ஸை நம்பி ஜெயிக்கப் பாக்குற டீம், அது மத்தவங்ககிட்ட எடுபட்டாலும் அலபாமாகிட்ட எடுபடல, தொடர்ந்து 8 தடவை அவங்ககிட்ட தோத்தாச்சு. ஹெட் கோச் எட் ஆர்ஜரான் அந்த மண்ணுக்காரர், லரோஸ்னு ஆத்தோரமா இருக்குற சின்ன ஊர்ல வளர்ந்தவர், அவரும் ஒரு காலத்துல மிசிசிப்பில ஹெட் கோச்சா இருந்து 10 ஜெயம் 25 தோல்வின்னு வேலை போனவர்தான். 2019 தொடக்கத்துல அவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கிற புரொஃபஷனல் டீம்ல சின்ன பொறுப்புல இருந்த ஜோ பிரேடிங்கிற 29 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து பாஸிங் ஆட்டத்தை அவர்கிட்ட குடுத்துட்டார். பிரேடி கொண்டு வந்தது என்னன்னா, அஞ்சு பேரை மைதானம் பூரா பரப்பி ஓடவிடுறது, எதிராளி எங்க ஆளைக் குறைச்சு நிறுத்தியிருக்கான்னு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியுற ஆளு, அந்த நொடியிலேயே பாத்து அங்க எறியுறது, எதிராளி நிக்குற விதத்தைப் பாத்து ஓடுறதா எறியுறதான்னு கடைசி நேரத்துல முடிவு பண்றது.

ஆனா எல்லாரும் பிரேடியைப் பத்தியே எழுதுறாங்க, எனக்கு அதுல மனசு ஒப்பல. அவருக்கு மேல ஆஃபென்ஸுக்குப் பொறுப்பா ஸ்டீவ் என்ஸ்மிங்கர்னு ஒரு பெரியவர் இருந்தார், 60 வயசு தாண்டினவர், அதே எல்எஸ்யூவுல குவார்ட்டர்பேக்கா ஆடினவர். தன் மகன் வயசுப் பையன் வந்து நீங்க இத்தனை வருஷம் பண்ணினதை மாத்தலாம்னு சொல்றப்ப எத்தனை சீனியர் சரின்னு சொல்லுவாங்க? இவர் சொன்னார், பக்கத்துல உக்கார வெச்சு சேர்ந்து வேலை பாத்தார், மேட்ச்ல பிளே கால் பண்ணது, அதாவது அடுத்து எப்படி ஆடணும்னு சொன்னது, அவர்தான். நாட்டோட சிறந்த அசிஸ்டென்ட் கோச்னு விருது அந்த வருஷம் பிரேடிக்குப் போச்சு, அதுக்காக இவர் முகம் சுளிச்சதா யாரும் சொல்லல. அரையிறுதி அட்லான்டால டிசம்பர் 28, அன்னிக்குக் காலையில லூசியானால ஒரு சின்ன விமானம் விழுந்து அதுல இவரோட மருமகள் இறந்துட்டாங்க, மேட்ச் பாக்கக் கிளம்பி வந்துக்கிட்டு இருந்தவங்க. சேதி கேட்ட சில மணி நேரத்துல அந்த மனுஷன் ஸ்டேடியத்துல மேல இருக்குற கோச்சுங்க பூத்ல போய் உக்காந்து ஆட்டத்தை நடத்தினார், ஓக்லஹோமாவை 63-28ன்னு அடிச்சாங்க, முதல் பாதியிலேயே 7 டச்டவுன் பாஸ், அதாவது எறிஞ்ச பந்தைப் பிடிச்சு எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டினது. இந்த சீசன்ல எனக்கு ஹீரோ யாருன்னு கேட்டா என்ஸ்மிங்கர் பேரைத்தான் சொல்லுவேன்.

அந்த டீமோட குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை முதல்ல இருந்த காலேஜ் வேண்டாம்னு அனுப்பிடுச்சாமே, உண்மையா?
— வாசகர், ஈரோடு

அனுப்பலைங்க, அவரே கிளம்பினார். ஒஹையோ ஸ்டேட்ல மூணு வருஷம் இருந்தும் மெயின் இடம் கிடைக்கல, டிகிரியை முடிச்சுட்டு 2018ல எல்எஸ்யூவுக்கு வந்தார். முதல் வருஷம் சுமாருக்கு மேலன்னு சொல்லலாம், 16 டச்டவுன் பாஸ். அடுத்த வருஷம் 60! எறிஞ்சதுல நூத்துக்கு 76 பந்து போய்ச் சேர்ந்துச்சு. அப்பா ஜிம்மி பர்ரோவும் ஃபுட்பால் கோச், பையனோட கடைசி வருஷத்தை ஒரு மேட்ச் விடாம பாக்கணும்னு வேலையில இருந்து ரிட்டயர் ஆகிட்டார், பாத்த சீசன் இது. சிறந்த காலேஜ் பிளேயருக்கான ஹெய்ஸ்மன் டிராஃபி பர்ரோவுக்குத்தான் வந்துச்சு, எல்எஸ்யூவுக்கு 1959ல பில்லி கேனன் வாங்கினதுக்கு அப்புறம் இதுதான். மேடையில அவர் அழுதுக்கிட்டே பேசினது தன்னைப் பத்தி இல்ல, ஒஹையோல தான் வளர்ந்த ஏதென்ஸ் வட்டாரம் ரொம்ப ஏழைப்பட்ட இடம், ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போனா சாப்பாடு இல்லாத பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்காகவும்தான் நான் இங்க நிக்கிறேன்னு சொன்னார். அதைக் கேட்டு ஜனங்க அந்த ஊர் உணவு வங்கிக்கு அனுப்பின பணம் 5 லட்சம் டாலரைத் தாண்டிச்சு. ஒரு டிராஃபி மேடையில நின்ன ரெண்டு நிமிஷத்துல இதைவிட என்ன பண்ணிட முடியும் சொல்லுங்க.

ஒரே ஒரு மேட்ச் யூடியூப்ல பாக்கணும்னா எதைப் பாக்கலாம்?
— வாசகி, மதுரை

அலபாமா ஊர்லயே போய் 46-41ன்னு ஜெயிச்சதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, அந்த 8 தோல்விக்கும் சேர்த்து பதில் சொன்ன மேட்ச் அது. நான் செப்டம்பர்ல டெக்ஸாஸோட ஆடினதைச் சொல்றேன். 37-31, எல்எஸ்யூ முன்னாடி இருக்கு, மூணு நிமிஷம்கூட பாக்கி இல்ல, இன்னும் 17 யார்டு போனாத்தான் பந்து கையில இருக்கும். பழைய எல்எஸ்யூன்னா பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடி நேரத்தைக் கரைச்சிருக்கும். டெக்ஸாஸ்காரங்க கூட ஆளை அனுப்பி பர்ரோ மேல பாயுறாங்க, அவர் பின்னால ஓடாம முன்னால ஒரு அடி வெச்சு நழுவி ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறியுறார், ஜெஃபர்சன் பிடிச்சு ஒரே ஓட்டம், 61 யார்டு டச்டவுன். கடைசி ஸ்கோர் 45-38. இந்த வருஷம் வேற மாதிரின்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு. அந்த ஒரு பந்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பாருங்கம்மா, முன்னால நிக்குற லைன்மேன்கள் எப்படித் தாங்கிப் பிடிக்கிறாங்கன்னும் கவனிங்க, நாட்டோட சிறந்த லைன்னு விருது வாங்கினவங்க அவங்க.

அந்த டீம் இப்ப எங்க? அடுத்த வருஷமும் ஜெயிச்சாங்களா?
— வாசகர், புதுச்சேரி

இல்லைங்க. காலேஜ் பசங்களைப் புரொஃபஷனல் டீம்கள் தேர்ந்தெடுக்குறதுக்கு டிராஃப்ட்னு பேரு, 2020 டிராஃப்ட்ல மட்டும் 14 பேர் என்எஃப்எல்ங்கிற அந்தப் புரொஃபஷனல் லீக்குக்குப் போயிட்டாங்க, பர்ரோதான் முதல் ஆளா சின்சினாட்டி டீமுக்கு. பிரேடியும் கிளம்பி கரோலினா டீமுக்குப் போயிட்டார். அடுத்த சீசன் 5 ஜெயம் 5 தோல்வி, 2021 முடிஞ்சதும் ஆர்ஜரானும் வெளியே. இதைச் சொல்லி அந்த வருஷம் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்னு பேசுறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், 7 டாப் 10 டீமை அதிர்ஷ்டத்துல ஜெயிக்க முடியாது. காலேஜ் டீம்னா பசங்க படிச்சு முடிச்சுக் கிளம்பத்தான் செய்வாங்க. ஒண்ணே ஒண்ணு, 2019ல பர்ரோ எறிஞ்ச பந்துகளைப் பிடிச்சு 1780 யார்டு எடுத்த ஜமார் சேஸ் 2021ல அதே சின்சினாட்டிக்குப் போய் பர்ரோவோட மறுபடி சேர்ந்தார், அந்த சீசன்லயே ரெண்டு பேரும் சேர்ந்து டீமை என்எஃப்எல்லோட ஃபைனலான சூப்பர் பௌல் வரைக்கும் கொண்டு போனாங்க, அங்க 23-20ன்னு ராம்ஸ் டீம்கிட்ட போச்சு. பேட்டன் ரூஜ்ல அன்னிக்கு எத்தனை வீட்டுல சின்சினாட்டி ஜெர்சி போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்கன்னு தென்காசிக்காரர் தன் பையன்கிட்டயே விசாரிச்சுச் சொல்லலாம்.