கேள்வி – பதில்: பதிவேட்டில் 310 பேர், ஆராதனையில் 45 பேர்

கேள்வி: அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்து ஈ.எல்.சி.ஏ. (அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) லுத்தரன் சபை ஒன்றில் என்னைச் சபைச் சங்கத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் 310 பேர். ஞாயிறு ஆராதனைக்கு வருவது 45 பேர். ஆள் சேர்க்க ஒரு குழு போடலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குழு அப்புறம் இருக்கட்டும். முதலில் பதிவேட்டைப் பிரித்து, கடைசிப் பத்து ஆண்டுகளுக்கும் ஆறு பத்திகள் போடுங்கள்: ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு), வேறு சபையிலிருந்து மாற்றுக் கடிதத்தோடு வந்தவர்கள், வேறு சபைக்கு மாற்றுக் கடிதத்தோடு போனவர்கள், மரணம், பெயர் நீக்கம். எந்தப் பத்தியில் ஆள் குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் மருந்து. ஆண்டுக்கு எட்டு அடக்கம், ஒரு ஞானஸ்நானம் என்று இருந்தால் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, சபைக்கு வயதாகிவிட்டது. கிட்டாரும் திரையும் வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது. திடப்படுத்தல் முடிந்ததும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்றால் வேலை வேறு. கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பெயரும் போன் நம்பரும், வீட்டாரின் சம்மதத்தோடு, அந்த ஊர் லுத்தரன் மாணவர் ஊழியத்துக்கு ஆகஸ்டிலேயே போய்ச் சேர வேண்டும். பெயர் நீக்கத்தில் மட்டும் ஒரே வருடம் 90 என்று இருந்தால், யாரோ பழைய பெயர்களை ஒரே மூச்சில் அடித்திருப்பார்கள். அந்த இழப்பு முன்பே நடந்தது.

பட்டியலைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பொதுக்கூட்டத்தில் சிக்கல் வரும். ஈ.எல்.சி.ஏ.வின் மாதிரிச் சட்டப்படி ஓட்டுரிமை, திடப்படுத்தல் பெற்று, நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ அந்தச் சபையில் நற்கருணை எடுத்து, கணக்கில் பதிவான காணிக்கையும் கொடுத்த அங்கத்தினருக்குத்தான். அந்தத் தனிப் பட்டியல் இல்லாத சபைகள் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் (கோரம்) என்று தெரியாமல் திண்டாடுகின்றன. வராதவர்களின் பெயரை அடிக்கும் முன் ஒரு கடிதம், ஒரு போன், முடிந்தால் ஒரு வீட்டுச் சந்திப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: 2009 தீர்மானம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஒருபால் துணையோடு வாழும் குருமாருக்கு வழி திறந்த அந்த மினியாபொலிஸ் தீர்மானத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கான சபைகள் வெளியேறின. 2010இல் வட அமெரிக்க லுத்தரன் திருச்சபை பிறந்தது. ஆனால் 1988இல் மூன்று திருச்சபைகள் இணைந்து ஈ.எல்.சி.ஏ. ஆனபோது சுமார் 53 இலட்சமாக இருந்த அங்கத்தினர் எண்ணிக்கை, 2009க்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. இப்போது 30 இலட்சத்துக்கும் கீழே. அப்படியொரு தீர்மானத்தைத் தொடவே தொடாத மிசூரி சினடும் (பழமைப் பிடிப்புள்ள இன்னொரு அமெரிக்க லுத்தரன் திருச்சபை) 1970களின் தொடக்கத்தில் 28 இலட்சத்தை ஒட்டி இருந்தது, இன்று 18 இலட்சத்துக்குக் கீழ். இரண்டுமே ஜெர்மானிய, ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் பிள்ளைகுட்டிகளால் வளர்ந்தவை. குடும்பம் சிறுத்தது, பண்ணை ஊர்கள் காலியாயின. உங்கள் ஞானஸ்நானப் பத்தி இந்த விவாதத்தைவிட நேர்மையாகப் பேசும்.

கேள்வி: முழுநேரப் போதகருக்குச் சம்பளம் கட்ட இயலவில்லை. என்ன வழி?

பதில்: சம்பளத்தோடு போர்ட்டிகோ (ஈ.எல்.சி.ஏ.வின் ஊழியர் நல அமைப்பு) வழியாகப் போகும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பக்கத்துச் சபையோடு ஒரு போதகரைப் பகிர்ந்துகொள்ளலாம். லுத்தரன் சபையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஈ.எல்.சி.ஏ. 1997 முதல் பிரெஸ்பிட்டேரியன் உள்ளிட்ட மூன்று சீர்திருத்தத் திருச்சபைகளோடும், பின்னர் எபிஸ்கோபல், மெதடிஸ்ட் திருச்சபைகளோடும் முழு ஐக்கியம் கொண்டது. ஆகவே எபிஸ்கோபல் குருவும் உங்கள் பீடத்தில் நிற்கலாம், ஆயரின் ஒப்புதலோடு. மிசூரி சினடில் இதற்கு இடமில்லை.

கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு வேலையை முழுதாகக் கேட்பார்கள். வாரம் 20 மணி நேரம் என்றால், எந்த வேலை இனி போதகருடையது அல்ல என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

செலவைக் குறைக்க ஜனவரி முதல் மார்ச் வரை கீழ்த்தளக் கூடத்தில் ஆராதனை வைக்கலாம். ஆனால் கோவிலின் ஹீட்டரை அடியோடு அணைக்காதீர்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும், சுவர்ப்பூச்சு விரியும், பைப் ஆர்கனின் மரப்பாகங்கள் கெடும். ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: மூடத்தான் வேண்டும் என்றால்?

பதில்: கையில் பணம் இருக்கும்போதே முடிவெடுங்கள். சபை கலைந்தால், பைசல் செய்யாத சொத்து உங்கள் வட்டார ஈ.எல்.சி.ஏ. நிர்வாகமான சினடுக்குப் போகும். உணவு வங்கிக்கோ இறையியல் கல்லூரிக்கோ கொடுக்க ஆசையிருந்தால், சினடோடு பேசி, கலைப்பதற்கு முன்பே தீர்மானம் போட வேண்டும். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை யார் வீட்டு அலமாரியிலும் விடாமல் திருச்சபையின் ஆவணக்காப்பகத்தில் ஒப்படையுங்கள். அநேகர் மறப்பது கல்லறைத் தோட்டத்தை. அதற்கென்று தனிச் சங்கமும் புல் வெட்டும் செலவுக்கு வட்டி தரும் நிதியும் ஏற்படுத்திவிட்டுக் கடைசி ஆராதனைக்குத் தேதி குறியுங்கள்.