பஃபே முடிந்ததும் வரும் ‘வாயு’

பஃபே சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது வந்த நெஞ்சு பாரம், சோடா குடித்து ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நடையை நிறுத்தி உட்கார்ந்தீர்கள், அதனால் சரியானது. அந்தப் பெருமையைச் சோடாவுக்குக் கொடுக்காதீர்கள்.

நாலு பக்கக் கடிதம். அஜினமோட்டோ, ஐஸ் தண்ணீர், வயிறு விரிந்துபோவது, பப்பாளியை எப்போது சாப்பிடுவது என்று கேள்விகளை அடுக்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்கிறீர்கள். கடலூரிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரி வந்து, ஞாயிறு மதியம் பஃபே சாப்பிட்டுவிட்டு, பீச் ரோட்டில் காந்தி சிலைப் பக்கம் நடக்கும்போது நெஞ்சின் நடுவில் கல்லை வைத்த மாதிரி பாரம். இடது தாடை வரை ஒரு இழுப்பு. சட்டை நனைகிற வியர்வை. ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் போய்விட்டது. போன மாதம் சிங்கப்பூரில் மகனோடு ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் வேகவைத்துச் சாப்பிடுவது) பஃபே முடித்து ரயில் நிலையத்துக்கு நடந்தபோதும் அதே பாரம். வயது 57. சர்க்கரை உண்டு. அண்ணன் 52 வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து அன்று இரவே ‘வாயு அடைத்து’ இறந்துபோனார்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான், இல்லையா? அஜினமோட்டோ சும்மா துணைக்கு வந்திருக்கிறது.

வயிற்று வாயு மேலே ஏறி இதயத்தை அடைக்காது. அதற்கு வழியே இல்லை. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைச்சுவர் இருக்கிறது. இரைப்பைக் காற்று வாய் வழியாகவோ கீழ் வழியாகவோ மட்டும்தான் வெளியேறும். உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை. ஆனால் நம் ஊரில் பந்திக்குப் பிறகு ‘வாயு அடைத்து’ என்று சொல்லப்படும் சாவுகளில் பெரும்பாலானவை மாரடைப்பு என்றே நினைக்கிறேன். உடன்பிறந்த ஆண் ஒருவருக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அது உங்கள் அபாயக் கணக்கிலும் சேரும்.

நீங்கள் எழுதியிருப்பது ஆஞ்சைனாவின் அச்சு அசலான வர்ணனை. இதயத் தசைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது வருகிற வலி அது. வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1772ல் இதைப் பற்றி எழுதியபோதே, நடக்கும்போது வரும், அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்ட உடனேயும் வரும், நின்றால் போய்விடும் என்று குறித்து வைத்தார். இசிஜி கிடையாது, ஸ்கேன் கிடையாது. நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியது. உங்கள் மூன்றாம் பக்கத்தைப் படித்திருந்தால் அவரும் தலையை ஆட்டியிருப்பார்.

சாப்பிட்ட உடனே ஏன்? நிறையச் சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் அதிகம் தேவை. அதை அனுப்ப இதயம் கூடுதலாகவும் வேகமாகவும் அடிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஓரிரு மணி நேரம் இந்த உழைப்பு நீடிக்கும். அதற்கு மேல் நடையும் சேர்ந்தால் சுருங்கிய குழாயால் ஈடுகொடுக்க முடியாது. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2000ஆம் ஆண்டு மாநாட்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கத்துக்கு மீறிய பெரும் சாப்பாட்டுக்குப் பின் வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய நாலு மடங்கு என்றது அது. இதயம் நன்றாக இருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த உறுதி இல்லை.

எது வாயு, எது இதயம் என்று பிரித்துப் பார்க்க ஒரு விஷயத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்: உழைப்போடு வந்து ஓய்வில் போகிறதா? அஜீரணத்துக்கு நீங்கள் நடப்பதும் நிற்பதும் தெரியாது. இரண்டு ஊரில், இரண்டு விதமான சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு தடவையும் நடக்கும்போது வந்து உட்கார்ந்ததும் போயிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏப்பம் வந்தது என்பதால் இதயம் தப்பித்தது என்று ஆகாது; மாரடைப்போடு வருகிறவர்களும் ஏப்பம் விடுகிறார்கள், வாந்தி எடுக்கிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுவாங்கல், வியர்வையோடு வருவதும் உண்டு. உங்களுக்கு வலித்ததே நல்ல காலம்.

இனி செய்ய வேண்டியது. இதைப் படித்த மறுநாளே இதய மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம், தை பிறக்கட்டும் என்பதெல்லாம் வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகலாம், கடலூரிலேயே உங்களுக்குத் தெரிந்தவரிடமும் போகலாம். போய், ‘கேஸ் பிராப்ளம் டாக்டர்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நடந்தால் நெஞ்சு பாரம், நின்றால் போகிறது, அண்ணன் 52ல் போய்விட்டார்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இசிஜி எடுத்து நார்மல் என்று வந்தால் அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். வலியில்லாத நேரத்தில் எடுக்கும் இசிஜி, குழாயில் அடைப்பு இருந்தாலும் நார்மலாக இருக்கலாம். எக்கோ, டிரெட்மில், தேவைப்பட்டால் ஆஞ்சியோ என்று அவர் முடிவு செய்வார். அதுவரை சாப்பிட்டதும் நடை இல்லை, மாடிப்படி இல்லை.

அதற்குள், உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பாரம் வந்தாலோ, ஓய்வெடுத்தும் ஐந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் உடம்பாக இருந்து, கையில் மாத்திரையும் இருந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்டு மென்று விழுங்குங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. சோடாவுக்கு ஆள் அனுப்புகிற பத்து நிமிடத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். பஃபேக்குப் போகிற அன்று காலையில் பட்டினி, கிளம்பும்போது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை ஒன்றுக்கு இரண்டு, ‘இனிப்பை ஒரு கை பார்க்கலாம்’ என்று. இதை யார் சொல்லிக்கொடுத்தது, வாட்ஸ்அப்பா? அந்த மாத்திரை நீங்கள் பின்னால் சாப்பிடப்போகும் ஜிலேபிக்காகக் காத்திருக்காது. போட்டதும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றோடு இரட்டை டோஸ் போட்டுக்கொண்டு காரில் ஏறினால், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி மயங்கிவிடலாம். ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தால் பின்சீட்டில் பேத்தி இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டு ஆறு மாதமாகத் தினமும் போடும் பான்-டி மாத்திரையும் அப்படித்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை இதயக் குழாயைத் திறக்காது. ‘ஏதோ மாத்திரை போடுகிறோம்’ என்ற நிம்மதியை மட்டும் கொடுத்து உங்களைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

மற்றதெல்லாம் சில்லறை. அஜினமோட்டோவில் இருக்கிற குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. பயம் வேண்டாம், அதோடு சேர்ந்து வருகிற உப்பில்தான் கவனம் வேண்டும். ஐஸ் தண்ணீர் வயிற்றில் கொழுப்பை உறைய வைக்காது, உள்ளே போன சிறிது நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். மாதம் ஒரு பஃபேயால் வயிறு நிரந்தரமாக விரியாது, விரிந்து மறுபடி சுருங்குவதுதான் அதன் வேலை. யூடியூபில் பார்த்த ‘வயிறு வெடித்த மனிதர்’ அபூர்வத்திலும் அபூர்வம். பப்பாளியை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். வெளிநாட்டு பஃபேயில் ஐஸ் மேல் அடுக்கியிருக்கும் வேகவைக்காத சிப்பியை மட்டும் தொடாதீர்கள். சர்க்கரையோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு அதில் வரும் கிருமி பொல்லாதது. ஸ்டீம்போட்டில் பச்சை இறைச்சி எடுத்த இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள்.

பஃபேயையே விட்டுவிட வேண்டுமா என்று உங்கள் வீட்டம்மா தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். வேண்டாம் அம்மா. இதய மருத்துவர் சரி சொன்ன பிறகு போகட்டும். போனால் முதல் சுற்று தட்டில்லாமல் சுற்றிவரச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும் கிரில் சிக்கன், பொரித்த உருளைக்கிழங்கு, சோளம் எல்லாம் வயிற்றை மலிவாக நிரப்புவதற்காக வருபவை. அவற்றிலேயே அவர் பாதி வயிறு நிறைந்துவிடுகிறார், பிறகு பிரியாணியைப் பார்த்ததும் கொடுத்த காசு ஞாபகம் வருகிறது. காசு வாசலிலேயே போய்விட்டது, எவ்வளவு சாப்பிட்டாலும் திரும்பி வராது. மிச்சம் வைத்தால் அபராதம் போடும் வெளிநாட்டுக் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பழகிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தைப் புதுச்சேரிக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மகன் டோக்கியோவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், அங்கே பஃபே பார்த்தே ஆக வேண்டுமாம். ஜப்பானில் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் 1958ல் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது, எங்கேயும் ஓடிவிடாது. டிக்கெட்டை ரிப்போர்ட் வந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்குப் புக் பண்ணியிருக்கும் மேசையை இன்றே போன் போட்டு ரத்து செய்துவிடுங்கள்.